காசிமேடு 'பண்டிகை நடை'க்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கிறிஸ்துமஸ் வந்தா போதும், "வடசென்னை கடலோர நடை, மீன் ஏலம், பாரம்பரியம், சூடான வறுவல்" என்று வாட்ஸ்அப்பில் போஸ்டர் சுற்ற ஆரம்பித்துவிடும். பொங்கல் வரைக்கும் ஓயாது. ஆளுக்கு 900 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு குழு கூட்டிப்போன லட்சணம் இது. பெயர் போட்டுப் பிரயோஜனமில்லை, அடுத்த வாரமே வேறு பெயரில் வருவார்கள்.

காலை 7 மணிக்கு ராயபுரம் ரயில் நிலையத்தில் கூடணுமாம். மோசடி அங்கேயே ஆரம்பம். காசிமேட்டில் ஏலம் விடியறதுக்கு முன்னாடி நடக்கிற சமாச்சாரம். கூடையாக ஏலம் எடுத்தவர்கள் ஐஸ் போட்டு வண்டி ஏற்றிப் போயிருப்பார்கள். செல்ஃபி, லேட்டா வர்றவங்களுக்குக் காத்திருப்பு எல்லாம் முடிந்து எட்டரைக்குத் துறைமுகம் போனால், காலிக் கூடையும் அதைக் கழுவிய தண்ணியும்தான் மிச்சம். வெள்ளை ஷூவில் வந்தவர்கள் கறுப்பு ஷூவில் திரும்பினார்கள்.

"இந்தியாவின் முதல் ரயில் நிலையம்" என்று மைக்கில் முழக்கம் வேறு. பம்பாய்–தானே ரயில் 1853லேயே ஓடியாச்சு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது, இன்றும் நிற்கிற நிலையக் கட்டடங்களில் நாட்டிலேயே பழசு இதுதான். இருக்கிற பெருமை போதாதா? போஸ்டரில் இருந்த "பார்சி அக்னிக் கோயில் தரிசனம்" இன்னும் அழகு. பார்சிகள் அல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள், அதனால் தரிசனம் வாசல் கேட்டுக்குத்தான்.

பாக்கெட் காலியாகிற இடம் கடைசியில்: "நம்ம அண்ணன் கடை" என்று கூட்டிப்போகிற மீன் கடை. அங்கே கைடுக்குக் கமிஷன்.

"இன்னிக்கு வந்த மீன் சார்" என்பது பொய்யாகவே இருக்காது. கரைக்கு வந்தது இன்னிக்குத்தான். பிடித்தது எப்போ என்று கேளுங்கள். லாஞ்சு என்கிற பெரிய விசைப்படகு பல நாள் கடலில் தங்கி, ஐஸில் வைத்துக் கொண்டுவரும். போன அன்றே திரும்புவது ஃபைபர் படகு. மீன் சின்னதா இருந்தாலும் புதுசு. செவுள் சிவப்பை மட்டும் நம்பாதீர்கள், மேலே ரத்தம் தடவி வைப்பதுண்டு. விரலால் துடைத்துப் பார்த்து, மோந்தும் பாருங்கள். கண் குழிந்திருந்தால், அமுக்கின இடம் மேலே எழும்பாவிட்டால், வேண்டாம். வெட்டி வைத்த வஞ்சிரத் துண்டை வாங்கவே வேண்டாம். சீலாவை அந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். சீலாவுக்குச் செதில் உண்டு, வஞ்சிரத் தோல் வழவழவென்று இருக்கும். முழு மீனை எடைபோட்டு எதிரிலேயே வெட்டச் சொல்லுங்கள்.

எடையில்தான் பெரிய அடி. சீல் உடைக்காத 1 லிட்டர் தண்ணி பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும். தராசில் வைத்தால் 1 கிலோவுக்கு மேல் இருபது, முப்பது கிராம் காட்டணும். 1,150 காட்டினால் நடையைக் கட்டுங்கள். மீன் போடும் டப்பாவை முதலில் வைத்து, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். எறாவை ஐஸ் தண்ணியோடு அள்ளிப் போடுவார்கள், வடிகட்டச் சொல்லுங்கள். தலை, தோடு போனால் ஏறக்குறைய பாதிதான் தேறும் என்பதை வைத்து விலை பேசுங்கள்.

சுத்தம் செய்ய கூலி தனி. அந்த அக்காக்கள் மேல் குறையில்லை, ரேட்டை மட்டும் முன்னாடியே பேசிவிடுங்கள். வேலை முடியும்வரை அங்கேயே நின்றால் தலையும் சினையும் உங்கள் பையிலேயே இருக்கும்.

கைடே தேவையில்லை. பீச் ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் போகிற மின்சார ரயிலில் அடுத்த நிறுத்தம் ராயபுரம். ஏலம் பார்க்கணும்னா ரயிலை நம்பாமல் இருட்டிலேயே ஆட்டோ பிடியுங்கள், கூலியை ஏறுவதற்கு முன் பேசுங்கள். ரப்பர் செருப்பு போதும். எண்ணூர் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது கன்டெய்னர் லாரிக்கு வழிவிடுங்கள், அது உங்களுக்கு விடாது.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் போஸ்டரையும் ஜிபே ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களைத் தூக்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.