ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போச்சுன்னு சொன்னா உடனே சரின்னு சொல்லாதீங்க

ஃபோர் வீல் ட்ரைவ் வண்டி வெச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இதைப் படிங்க. ட்ரான்ஸ்ஃபர் கேஸ்னா கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரிச்சு அனுப்புற பெட்டி. என் வண்டியில 60 தாண்டினா அடியில இருந்து 'ஹூம்'னு ஒரு இரைச்சல், வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். ஒர்க்‌ஷாப்ல விட்டேன், அங்க இருந்தவர் வண்டியை ரோட்டுல ஓட்டிக்கூடப் பாக்கல, ஸ்டார்ட் பண்ணி நின்ன இடத்துலயே காது வெச்சுக் கேட்டுட்டு ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங் போச்சு, கேஸையே மாத்தணும்னுட்டார். ஓடும்போது மட்டும் வர்ற சத்தத்தை நிக்கிற வண்டியில எப்படிங்க கண்டுபிடிக்க முடியும்?

மாத்தினாங்க. பெரிய பில். வெளிய எடுத்து ஓட்டினா அதே சத்தம், கொஞ்சம்கூட குறையல. திரும்பப் போய்க் கேட்டா புது கியர் செட் ஆகணும், ஓட ஓட சரியாயிடும்னாங்க. அது சுத்தப் பொய். இரைச்சல் போடுற பேரிங் ஓட ஓட மோசமாத்தான் ஆகும். கழட்டின கேஸைக் காட்டுங்கன்னா எக்ஸ்சேஞ்சுல அனுப்பியாச்சாம். வடிச்ச ஆயிலாவது, ஆயில் வடிக்கக் கழட்டற காந்தம் வெச்ச ட்ரெயின் ப்ளக்காவது காட்டுங்கன்னேன், அதுவும் இல்லையாம். ப்ளக் காந்தத்துல சாம்பல் கலர்ல பசை மாதிரி லேசா ஒட்டியிருந்தா அது சாதாரண தேய்மானம், சில்லு சில்லா உலோகத் துண்டு இருந்தாத்தான் உள்ள ஏதோ உடையுதுன்னு அர்த்தம், அதை வண்டிக்காரன் கண்ணுல காட்டாமலே கேஸை இறக்கறது எந்த ஊர் நியாயம்?

அப்புறம் வேற ஒரு மெக்கானிக்கிட்ட போனேன். அவர் எதையும் கழட்டல, முதல்ல என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டினார். இரைச்சல் வர்ற வேகத்துல ஆக்சிலரேட்டரை அழுத்தினார், விட்டார், சத்தம் மாறவே இல்ல. டிஃபரன்ஷியல்ல (திரும்பும்போது சக்கரங்களை வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் பெட்டி) கிரவுன் பினியன் கியர் தேஞ்சிருந்தா அழுத்தும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேற மாதிரியும் ஊளையிடுமாம். ரோடு மாறினாலும் சத்தம் அதேதான், அதனால டயரும் இல்லன்னார். அடுத்து காலி ரோட்டுல லேசா இடது பக்கம் வளைச்சார், சத்தம் கூடிச்சு, வலது பக்கம் வளைச்சார், அடங்கிடுச்சு. இடது பக்கம் திரும்பும்போது வண்டி வெயிட்டு வலது பக்கச் சக்கரத்து மேல சாயும், அதனால வலது பக்க ஹப் பேரிங், அதாவது சக்கரத்து நடுவுல இருக்கற பேரிங்னு அங்கயே சொல்லிட்டார். வந்து முன்பக்கம் ஜாக்கி போட்டு ஸ்டாண்டு வெச்சு, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குல ஒரு கையை வெச்சுக்கிட்டு இன்னொரு கையால சக்கரத்தைச் சுத்தினார். நானும் தொட்டுப் பாத்தேன், வலது பக்கம் மட்டும் கரகரன்னு கைக்கே தெரிஞ்சுது. பேரிங் மாத்தினதும் சத்தம் நின்னு போச்சு.

பணம் போனதைவிட எனக்கு வயிறு எரியறது இதுக்குத்தான்: போன பேரிங்கோட குடும்பத்தையே ஹைவேல கூட்டிட்டுப் போயிருக்கேன். ஹப் ஆட்டம் முத்தினா சக்கரமே கைவிட்டுடும், அதை வெச்சுக்கிட்டு ஓட ஓட சரியாயிடும்னு ஒருத்தர் மனசாட்சி இல்லாம சொல்லியிருக்கார்.

இன்னொண்ணு. சத்தம் எங்கேன்னு பாக்கறேன்னு காஞ்ச தார் ரோட்டுல 4ஹெச் (நாலு சக்கரத்துக்கும் சக்தி போற ஹை கியர்) போட்டு ஓட்டச் சொன்னா ஒத்துக்காதீங்க. தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடுற பார்ட் டைம் சிஸ்டத்துல நடு டிஃபரன்ஷியல் கிடையாது, திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடணும், வழுக்க இடமில்லாம கியர், ஷாஃப்டுன்னு மொத்த லைனும் முறுக்கிக்கும், இல்லாத சத்தமெல்லாம் வரும். மண் ரோட்டுல போட்டுப் பாக்கலாம். முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டு போற ஷாஃப்டு மேல சந்தேகம்னா அதைக் கழட்டிட்டு 2ஹெச்ல (பின் சக்கரத்துக்கு மட்டும் சக்தி போறது) ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க, நிறைய வண்டியில அது சின்ன வேலைதான். ஆட்டோமேட்டிக் வண்டியில டி-யில இருந்து ஆர் (ரிவர்ஸ்) போடும்போது 'டொக்'னு அடிச்சா ஷாஃப்டு முனையில இருக்கற கிராஸ் ஜாயிண்ட்டுல ஆட்டம் இருக்கான்னு கையால ஆட்டிப் பாக்கட்டும். இத்தனையும் பாத்த பிறகும் கேஸ்தான்னு சொன்னா, கழட்டற பழைய பார்ட்டு எனக்கு வேணும்னு ஜாப் கார்டுலயே (வண்டி விடும்போது வேலையை எழுதற சீட்டு) எழுதி வாங்கிட்டு அப்புறம் சாவியைக் கொடுங்க.