பயன்படுத்தாத டேட்டாவுக்கு ரீஃபண்ட் என்று போன் வந்தால் உடனே கட் பண்ணுங்கள்

வீட்டில் பெரியவர்கள் யாராவது ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் இதை இன்றைக்கே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். "நீங்க யூஸ் பண்ணாத டேட்டாவுக்குப் பணம் திரும்ப வருது" என்று யார் கூப்பிட்டாலும் அது மோசடி. எங்கள் பெரியப்பாவின் கணக்கிலிருந்து 46,000 ரூபாய் இப்படித்தான் போனது.

பெரியப்பா கும்பகோணத்தில் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டில் வைஃபை உண்டு, வெளியே போனால் போனில் பேசுவதோடு சரி. ஆனாலும் சிம் கட் ஆகிவிடக் கூடாதே என்று தினம் 2 ஜிபி பேக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். ராத்திரி 12 மணி அடித்தால் அன்றைய மிச்சம் போச்சு, 28 நாள் கணக்கு என்பதால் வருடத்துக்கு 13 ரீசார்ஜ் வேறு. தொடாத இலைக்குக் காசு கொடுக்கிறேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவார். நியாயமான ஆதங்கம்தான், அதையே தூண்டில் ஆக்கிவிட்டார்கள்.

கூப்பிட்டவன் மரியாதையாக, சுத்தமான தமிழில் பேசியிருக்கிறான். "ஐயா, டிராய் புது ரூல் போட்டிருக்காங்க, போன வருஷ டேட்டாவுக்கு உங்களுக்கு 1,860 ரூபாய் வரணும், இன்னிக்குத்தான் கடைசி நாள்." (டிராய் என்பது போன் நிறுவனங்களுக்கு விதி போடும் ஒழுங்குமுறை ஆணையம்.) என்ன பேக், கடைசியாக எப்போது ரீசார்ஜ் செய்தார் என்பதையெல்லாம் சரியாகச் சொன்னதால் பெரியப்பா நம்பிவிட்டார். வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல், அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாமல் நேராக ஆப் ஏற்றும் ஃபைல், வந்தது. போனே எச்சரிக்கை காட்டித் தடுத்தபோது, "அது அப்படித்தான் கேட்கும் ஐயா, அலவ் குடுங்க" என்று லைனிலேயே இருந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்த வைத்திருக்கிறான். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி, அப்புறம் பணம் போட வேண்டும் என்று கார்டு எண், சிவிவி என்கிற கார்டின் ரகசிய எண், எல்லாம் வாங்கிவிட்டான். "நான் ஓடிபி யாருக்கும் சொல்லவே இல்லையேப்பா" என்று பெரியப்பா திரும்பத் திரும்பச் சொல்கிறார். உண்மைதான், அவர் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அந்த ஆப் வருகிற மெசேஜை எல்லாம் நேராக அவர்களுக்கு அனுப்பிவிடும்.

தெரிந்துகொள்ளுங்கள், ப்ரீபெய்டில் மிச்சமான டேட்டாவுக்குக் காசு திருப்பித் தரும் விதி எதுவும் டிராய் போடவில்லை. சில போஸ்ட்பெய்டு திட்டங்களில் மிச்சம் அடுத்த மாதத்துக்குச் சேரும், அதுவும் டேட்டாவாகத்தான், பணமாக இல்லை. டேட்டாவே வேண்டாம் என்பவர்களுக்கு நிஜமான வழி ஒன்று இருக்கிறது: 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த திருத்தத்தின்படி பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்கை நிறுவனங்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். ஆப்பில் அதை முன்னால் காட்டமாட்டார்கள், கடையில் "வாய்ஸ் ஒன்லி" என்று அழுத்திக் கேளுங்கள். இதை யாராவது பெரியப்பாவுக்கு முன்பே சொல்லியிருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை.

ஏற்கெனவே இப்படி ஆப் ஏற்றிவிட்டீர்கள் என்றால் முதலில் அந்த போனில் வைஃபையையும் டேட்டாவையும் அணைத்து சிம்மைக் கழற்றுங்கள், வேறு போனிலிருந்து சைபர் மோசடி புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை நிறுத்துங்கள். நேரம்தான் இதில் எல்லாம். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போவதற்குள் புகார் பதிவானால் நடுவில் முடக்க வாய்ப்பு உண்டு, அண்ணன் உடனே அடித்ததால்தான் ஒரு பகுதியாவது ஒரு கணக்கில் நிற்கிறது. வங்கிக்கு எந்த நேரத்தில் சொன்னீர்கள் என்பதற்குப் புகார் எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, நம் கவனக்குறைவு என்றாலும் தகவல் சொன்னதற்குப் பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.

பணம் இன்னும் போகவில்லை, அழைப்பு மட்டும் வந்தது என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யுங்கள். பெரியப்பாவுக்கு வந்த எண்ணை அங்கே போட்டிருக்கிறோம். முடங்கிய பணத்தை விடுவிக்க வங்கிக்கும் சைபர் கிரைமுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.