வீட்டு மர வேலைக்கு எந்த நெயில் கன், எந்த கம்ப்ரஸர்?

காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் நெயில் கன் வாங்க நினைத்தால், அதற்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் எத்தனை லிட்டர் வாங்கலாம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எதில் எந்த ஆணி அடிக்கப் போகிறோம் என்று தெரிந்தால் கன் முடிவாகிவிடும், கன் முடிவானால் கம்ப்ரஸருக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அமெரிக்க வீடியோக்களில் மூன்றரை அங்குல ஆணியைப் படபடவென்று இறக்கும் ஃப்ரேமிங் கன்னைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அங்கே வீட்டுச் சுவரே மரச்சட்டத்தில் நிற்கிறது, நம் ஊர்ச் செங்கல் வீட்டில் அதற்கு வேலை இல்லை.

நமக்குத் தேவைப்படுவது கப்போர்டு, லாஃப்ட், டிவிக்குப் பின்னால் பேனல், பிளைவுட் ஓரத்தை மறைக்கத் தேக்கு பீடிங் பட்டை, இவ்வளவுதான். இதற்குக் கடையில் இரண்டு கன் காட்டுவார்கள்: எஃப் 30, எஃப் 50. இரண்டிலும் போவது 18 கேஜ் ஆணிதான் (கேஜ் என்பது தடிமன் அளவு, எண் கூடினால் ஆணி மெலியும்), எஃப் பக்கத்து எண் சொல்வது அதிகபட்ச நீளத்தை, மில்லிமீட்டரில். பீடிங் மட்டும் என்றால் எஃப் 30 கைக்கு அடக்கம், எடையும் குறைவு. ஆனால் 18 மி.மீ. பிளைவுட்டை இன்னொரு பிளைவுட்டின் ஓரத்தில் வைத்து அடிக்கும்போது 30 மி.மீ. ஆணி அடுத்த பலகைக்குள் 12 மி.மீ.தான் இறங்கும், பிடிப்பு போதாது. 40 வேண்டும். அதனால் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எஃப் 50 வாங்குங்கள் என்பேன். எதை வாங்கினாலும் பலத்தைக் கொடுப்பது ஃபெவிகாலும் ஸ்க்ரூவும்தான். ஆணி, பசை காயும்வரை பலகையை நகராமல் பிடித்துக்கொள்கிறது.

சுத்தியலோடு ஒப்பிட்டால் கன்னின் அருமை பீடிங் மூலையில்தான் தெரியும். 45 டிகிரியில் வெட்டிய இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறீர்கள், கீழே ஈரப் பசை வழுக்குகிறது, சுத்தியல் ஒரு தட்டுத் தட்டினாலே மூலை வாய் பிளந்துவிடும். கன்னில் ஒரு விசை, துண்டு அசைவதற்குள் ஆணி உள்ளே. தலை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே போய்விடும், பட்டி வைத்துத் தேய்த்தால் போதும். அந்தப் புள்ளிகூடத் தெரியக் கூடாது என்றால் 23 கேஜ் பின் கன் இருக்கிறது, தலையே இல்லாத ஊசி மாதிரி ஆணி. வெனீருக்கும் (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தாள்) மெல்லிய மோல்டிங்குக்கும் அழகு, வேறெதற்கும் நம்பக் கூடாது.

சுவரில் ரீப்பர் (மரச்சட்டம்) அடிக்க எஸ்டி 64 என்ற காங்கிரீட் கன் விற்கிறது. வாங்க வேண்டாம். பூச்சு பெயரும், கதவு, ஜன்னலுக்கு மேலே உள்ள லின்டல் காங்கிரீட்டில் பட்டால் ஆணி வளையும், உள்ளே ஓடும் வயர் பைப் வேறு. டிரில் போட்டு ரால் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் அடைப்பு) வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள், மெதுவான வேலைதான், ஆனால் உறுதி.

இப்போது கம்ப்ரஸர். ஒரு ஆணிக்கு ஒரு மடக்குக் காற்றுதான் செலவாகிறது, அதனால் ஒரு கன்னுக்கு 1 ஹெச்பி, 24 லிட்டர் தாராளம். ஆயில் உள்ளது நாளெல்லாம் ஓடத் தாங்கும், பட்டறைக்கு அதுதான். ஆனால் சாய்க்கக் கூடாது, ஆயில் மாற்ற வேண்டும். ஃபிளாட்டில் மாடி ஏற்றி இறக்க ஆயில் ஃப்ரீதான் சரி. அதிலும் மோட்டார் வேகத்தைப் பாருங்கள். 2,800 ஆர்பிஎம் சுற்றுவது அலறும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். 1,400 ஆர்பிஎம் வகையைக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். இதே கம்ப்ரஸரில் கப்போர்டுக்கு ஸ்ப்ரே பெயின்ட்டும் அடித்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள், ஸ்ப்ரே கன் இடைவிடாமல் காற்றுக் கேட்கும், 24 லிட்டர் நொடியில் காலியாகும். அதற்குப் பெரியதை வாடகைக்கு எடுப்பதே மேல்.

தூரமான அறையில் வேலை என்றால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டாமல் காற்று ஹோஸை நீட்டுங்கள். வயரில் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் சூடாகிப் புகையும். சாயங்காலம் டேங்க் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றிவிடுங்கள், சென்னை மாதிரிக் கடலோர ஊரில் அது நிறையவே சேரும், விட்டால் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

பேட்டரி நெயில் கன்? ஏணியில் நின்று லாஃப்ட் வேலை செய்யும்போது ஹோஸ் காலில் சிக்காது, அது பெரிய நிம்மதி. ஆனால் கனம் அதிகம், விலையும் அதிகம். அதே கம்பெனி 18 வோல்ட் பேட்டரி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். நேரடியாகப் பிளக்கில் சொருகும் மலிவு எலக்ட்ரிக் கன்னைத் தொடவே வேண்டாம். கெட்டியான 710 கிரேடு (மரைன்) பிளைவுட்டில் ஆணி பாதியில் நின்றுவிடும், மீதியைச் சுத்தியலால்தான் அடிக்க வேண்டும்.

எதை வாங்கினாலும், மரத்தின் ரேகையில் பட்டு ஆணி சில நேரம் வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும். கன்னைப் பலகை ஓரத்துக்குக் குறுக்காகப் பிடித்தால் பெரும்பாலும் நீளவாக்கில்தான் வளையும். பீடிங்கைப் பிடிக்கும் விரல் ஆணி நீளத்தைவிடத் தள்ளியே இருக்கட்டும், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஆணி சிக்கினால் ஹோஸைக் கழற்றிய பிறகுதான் கன்னின் வாயில் கை வைக்க வேண்டும்.