டிக்கெட்டில் ‘லேகாக் நுழைவு உட்பட’ என்று இருந்தால், எந்த நுழைவு என்று முதலில் கேளுங்கள்

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை லண்டனிலிருந்து ஒருநாள் கிராமச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போக நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் நாலு பேர். ஆளுக்கு 89 பவுண்டு, மொத்தம் 356 பவுண்டு. எதைப் பார்ப்பதற்காகப் போனோமோ அதை மட்டும் பார்க்காமல் திரும்பினோம்.

என் அப்பா கும்பகோணத்தில் 34 வருடம் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர். கல்யாண நெகட்டிவ்களை லைட் பாக்ஸில் வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்துப் பருவையும் தழும்பையும் ஒவ்வொரு புள்ளியாக டச்சிங் செய்வார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் படம் கழுவும் ஹைப்போ ரசாயன வாசனை அடிக்கும் அவர் சட்டையில்தான் சாய்ந்துகொள்வேன். லண்டன் வருகிறாயா என்று கேட்டபோது அரண்மனையையோ தேம்ஸ் நதியையோ அவர் கேட்கவில்லை. “அந்த நெகட்டிவ் ஜன்னல் இருக்கிற ஊரு தூரமாம்மா?” என்றுதான் கேட்டார்.

அந்த ஊர் லேகாக். வில்ட்ஷயரில், சிப்பன்ஹாமுக்குத் தெற்கே மூன்று மைல். அங்கே 1232-ல் ஈலா என்ற சீமாட்டி நிறுவிய கன்னியர் மடம் இருக்கிறது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அது வீடாக மாறி, பிறகு டால்பட் குடும்பத்துக்கு வந்தது. 1835 ஆகஸ்டில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் அந்த வீட்டின் தெற்குக் கூடத்து ஜன்னலைச் சின்ன மரப்பெட்டிக் காமிராவில் எடுத்தார். உப்புநீரில் நனைத்து வெள்ளி நைட்ரேட் பூசிய காகிதத்தில் விழுந்த அந்த உருவம் தபால்தலை அளவுதான் இருக்கும். காமிராவில் எடுத்து இன்றுவரை அழியாமல் இருக்கும் நெகட்டிவ்களில் அதுதான் மிகப் பழையது. வீடு முழுக்க அவர் அங்கங்கே வைத்த அந்தக் குட்டிப் பெட்டிகளை அவர் மனைவி எலிப்பொறி என்றுதான் சொல்வாராம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அப்பா.

விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்த படமே அந்த ஜன்னல்தான். கீழே “பைபரி, காசில் கூம், லேகாக் நுழைவு உட்பட. உள்ளூர் வழிகாட்டியுடன் ஊர்ப்புற நடை” என்று இருந்தது. என் கணவர் அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்பாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். அவர் சந்தோஷப்படட்டும் என்று அனுப்பியதுதான், ஆனால் பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு படம்தான்.

காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி, வேறொரு ஹோட்டலில் ஆள் ஏற்றக் காத்திருந்து 8:40-க்குத்தான் நகர்ந்தது. முதல் கிராமமான பைபரி போனபோது மணி 11 தாண்டிவிட்டது. கொடுத்த நேரம் 25 நிமிடம். ஆர்லிங்டன் ரோ என்ற அந்தக் கல்வீட்டு வரிசை 14-ஆம் நூற்றாண்டில் மடத்துக் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளானது. இப்போதும் உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். நாங்கள் போன நேரத்தில் மூன்று வண்டிக் கூட்டம் அவர்கள் வாசலை மறித்துக்கொண்டு நின்றது. ஒரு பெண்மணி கையில் காய்கறிப் பையோடு தன் வீட்டுக்குள் நுழைய, போட்டோ எடுத்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். எனக்குக் கூசியது.

அங்கிருந்து அரை மணியில் ஒரு சாலையோரக் கடையில் நிறுத்தினார்கள். ஜாம், சோப்பு, சாவிக்கொத்து விற்கிற இடம், பக்கத்தில் உணவகம். ஒன்றேகால் மணி நேரம். எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, ஓட்டுநருக்குச் சட்டப்படி ஓய்வு தர வேண்டும் என்றார் வழிகாட்டி. ஓட்டுநர் ஓய்வை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தச் சட்டம் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் என்கிறது, அதை 15, 30 என்று பிரித்தும் எடுக்கலாம். பைபரியில் வண்டி நின்றதும் ஒரு பங்கு ஓய்வுதானே? லேகாக்குக்கு உரிய நேரத்தை அந்தக் கடை தின்றுவிட்டது.

காசில் கூமில் கார் நிறுத்துமிடம் மேட்டின் மேல் இருக்கிறது. அங்கிருந்து தார்ச்சாலை வழியே பத்து நிமிடம் இறங்கினால்தான் கிராமம். இறங்கி முடித்ததும் வழிகாட்டி திரும்பி, “இதுதான் நமது ஊர்ப்புற நடை” என்றார். நான் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே அதுதான். உள்ளூர் வழிகாட்டி என்று யாரும் வரவில்லை, லண்டனிலிருந்து கூடவே வந்த அதே பையன்தான். மூட்டுவலிக்கார அம்மா நடந்து இறங்கி, அதே மேட்டை மறுபடி ஏறினார். ஆண்ட்ரூ தேவாலயத்தில் முகப்பே இல்லாத பழைய கடிகாரம் ஒன்று இருக்கிறது, அதைக்கூட வழிகாட்டி காட்டவில்லை. எந்தச் சினிமாவை எந்தத் தெருவில் எடுத்தார்கள் என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. கூட்டத்தில் இரண்டு பேர் திரும்பி வரத் தாமதமாக, அங்கேயே மணி மூன்றரை.

லேகாக்கில் இறங்கும்போது 4:05. “4:40-க்கு வண்டியில் இருக்க வேண்டும். உலகத்தின் முதல் போட்டோ எடுத்த ஊர் இது” என்று வழிகாட்டி மைக்கில் சொன்னார். அப்பா என் காதில் மெதுவாக, “முதல் போட்டோ இல்லம்மா. அது பிரான்ஸ்ல நியெப்ஸ் எடுத்தது, இதுக்கு எட்டு ஒன்பது வருஷம் முந்தி. இது நெகட்டிவ்” என்றார். அந்த வித்தியாசம் அவருக்கு உயிர். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம் என்பதில்தான் அவருடைய 34 வருடச் சோறு இருந்தது.

அபி என்று இங்கே சொல்லும் அந்த மடத்து வீட்டு வாசலில் இருந்த அம்மையார் மரியாதையாகத்தான் சொன்னார்: அறைகளுக்குள் விடும் கடைசி நேரம் முடிந்துவிட்டது, மன்னிக்கவும். எங்கள் கம்பெனி பெயரில் முன்பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. நான் வழிகாட்டியிடம் ஓடினேன். அவர் டிக்கெட்டை விரல் வைத்துக் காட்டினார். லேகாக் நுழைவு உட்பட என்றுதானே இருக்கிறது, லேகாக் என்றால் கிராமம், கிராமத்துக்குள் நுழைந்துவிட்டீர்களே என்றார்.

அந்தக் கிராமத்துக்குள் நுழையக் கட்டணமே கிடையாது. நாலு தெரு, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். கட்டணம் இருப்பது அபிக்கும் அருங்காட்சியகத்துக்கும்தான். 1944-ல் மடில்டா டால்பட் மடத்தையும் கிராமத்தையும் சேர்த்தே, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டார். இலவசமாகக் கிடைப்பதை ‘உட்பட’ என்று எழுதி விற்றிருக்கிறார்கள்.

அப்பா வாசலிலேயே நின்றார். ஜன்னல் தெற்குப் பக்கம், நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. கழுத்தில் மாட்டியிருந்த காமிராவின் மூடியை எடுத்தவர், மறுபடி மூடினார். நான் சண்டைக்குக் கிளம்புவதைப் பார்த்து, “விடும்மா, அந்தப் பையன் என்ன பண்ணுவான், எழுதிக் கொடுத்தத சொல்றான்” என்றார். திரும்பும் வழியெல்லாம் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் கம்பெனிக்கு எழுதினேன். நிபந்தனைகள் பக்கத்தின் அடியில் “உள்நுழைவு நேரம் அனுமதித்தால்” என்று இருப்பதாகப் பதில் வந்தது, கூடவே அடுத்த சுற்றுலாவுக்கு 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். மூன்று நாளில் விளம்பரத்திலிருந்து ‘நுழைவு உட்பட’ என்ற வார்த்தை காணாமல் போனது. அந்த வாட்ஸாப் படம் மட்டும் இல்லாவிட்டால் என்னிடம் எந்த ஆதாரமும் இருந்திருக்காது.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம், இது எனக்கு முன்பே தெரியாமல் போயிற்று. கிரெடிட் கார்டில் வாங்கினால் 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தின் 75-ஆம் பிரிவு காப்பாற்றும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருக்க வேண்டும். மொத்தம் 356 ஆனாலும் ஒரு டிக்கெட் 89 தானே என்று வங்கி அந்தப் பிரிவில் மறுத்துவிட்டது. நடுவில் வேறொரு இணையதளம் வழியாக வாங்கியிருந்தாலும் இந்தப் பிரிவில் சிக்கல் வரலாம். அதற்குப் பிறகு, விற்றவரிடமிருந்து வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் முறையில் கேட்டேன். அதற்குத் தொகை வரம்பு இல்லை, டெபிட் கார்டுக்கும் உண்டு, ஆனால் பொதுவாக 120 நாளுக்குள் கேட்டுவிட வேண்டும். விளம்பரப் படம், வண்டி நின்ற நேரங்கள், வழிகாட்டி சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன். ஐந்து வாரம் கழித்துப் பாதிப் பணம், 178 பவுண்டு திரும்பி வந்தது. வாங்கும் முன் விற்பவர் சொன்னதை நம்பி வாங்கியிருந்தால் அந்தச் சொல் ஒப்பந்தத்தின் பகுதி என்று 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் சட்டம் சொல்கிறது. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் உதவி எண்ணில் புகாரும் பதிந்திருக்கிறேன், அவர்கள் அதை வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கு அனுப்புவார்கள். தேதி குறித்த சுற்றுலாவுக்கு, வாங்கிய 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தக் கட்டடத்துக்குள் டிக்கெட், எத்தனை மணிக்கு உள்ளே போவோம், ஒவ்வொரு ஊரிலும் எத்தனை நிமிடம். ஒரே நாளில் மூன்று கிராமம் என்று போட்டிருந்தால் லண்டனிலிருந்து போய்வர மட்டும் ஐந்து மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். மீதி நேரத்தில் என்ன கிடைக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

அப்பா ஊருக்குத் திரும்ப ஒன்பது நாள் இருந்தபோது நாங்களே கிளம்பினோம். பாடிங்டனிலிருந்து சிப்பன்ஹாமுக்கு ஒன்றேகால் மணி நேர ரயில். நெரிசல் இல்லாத நேரத்தில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால் குரூப்சேவ் என்ற ரயில் சலுகையில் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறையும். சிப்பன்ஹாமிலிருந்து எக்ஸ்34 பேருந்து லேகாக்குக்குள்ளேயே போகிறது, கட்டணம் 3 பவுண்டு உச்சவரம்புக்குள்தான். ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அபி திறக்கும் நாளையும் அறைகள் திறக்கும் நேரத்தையும் முந்தின நாளே பார்த்தோம்.

11 மணிக்கு உள்ளே போனோம். 1500-ல் வார்த்த பெரிய வெண்கல அண்டா ஒன்று அங்கே இருக்கிறது, அம்மா அதை நம்மூர்க் கோயில் மடப்பள்ளியோடு ஒப்பிட்டுப் பேசிக்கொண்டே சுற்றி வந்தார். மத்தியானம் கல்பாலம் தாண்டி நடைபாதையைக் காட்டும் மஞ்சள் அம்புக்குறி வழியே புல்வெளியில் பக்கத்துக் குக்கிராமம் ரேபிரிட்ஜ் வரை நடந்தோம், மாடுகள் ஒதுங்கி வழி விட்டன. யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஆனால் அப்பாவுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். தெற்குக் கூடத்தில் அந்த ஜன்னல் முன்னால் நின்றதும் அவர் காமிராவைத் தொடவே இல்லை. நெகட்டிவ் புதிதாக இருந்தபோது லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிக் கட்டங்களை எண்ண முடிந்தது என்று டால்பட் அதன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலை நீட்டி, மேல் வரிசையிலிருந்து எண்ண ஆரம்பித்தார். நூற்றுப் பதினேழில் யாரோ குறுக்கே போக எண்ணிக்கை தவறியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.