குமிழ் வகைக் காற்று மெத்தை: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

பக்கவாதத்துக்குப் பின் தாமாகப் புரண்டு படுக்க இயலாத என் தந்தைக்கு, மறுவாழ்வு மையத்தில் படுக்கைப் புண் வராமல் தடுப்பதற்காக, பம்புடன் கூடிய குமிழ் வகைக் காற்று மெத்தையை வாங்கினோம். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தசை நசுங்கி இரத்த ஓட்டம் தடைபடுவதே புண்ணுக்கு மூலகாரணம் என்பதால், சுமார் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை குமிழ் வரிசைகள் மாறி மாறிக் காற்று நிரம்பியும் வடிந்தும் அழுத்தத்தை இடம் மாற்றுகின்றன. அந்த வேலையை இது ஒழுங்காகவே செய்கிறது. பம்பின் ரீங்காரம் இரவில் கேட்கும், பழகிவிடும்.

குறை, கூடவே வந்த விளக்கத்தாளில்தான் இருக்கிறது. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கத் தேவையில்லை என்ற தொனியில் அதில் எழுதியிருப்பது ஆபத்தானது. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது என்பது நோயாளியின் நிலையைப் பொறுத்தது. ஆனால் திருப்பியே ஆக வேண்டும். அதுவும் இடுப்பின் பக்கவாட்டு எலும்பின் மேல் முழுப் பாரமும் விழாதபடி, முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை அளவுக்குச் சாய்த்தால் போதும். குதிகாலையும் இந்த மெத்தை காப்பதில்லை. கெண்டைக்கால் நெடுகத் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

பம்பின் திருகை உடல் எடைக்கேற்பத் திருப்பிவிட்டு அதோடு விட்டுவிடக் கூடாது. இடுப்புக்கு நேர்கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி நுழைத்துப் பார்க்கும்படி செவிலியர் ஒருவர் கற்றுத்தந்தார். கைக்கும் உடலுக்கும் இடையே ஓர் அங்குலக் காற்றாவது இல்லாவிட்டால், எலும்பு அடித்தளத்தைத் தொடுகிறது என்று பொருள். மின்சாரம் நின்றாலும் இதே நிலைதான் என்பதால், இதைச் சாதாரண மெத்தையின் மேல்தான் விரிக்க வேண்டும். மேலே மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்று போதும். ரப்பர் விரிப்பு, துண்டு, டயாப்பர் விரிப்பு என்று அடுக்கினால் கொடுத்த காசு வீண்.

விளிம்பு மிருதுவாக இருப்பதால், உட்கார்ந்து பயிற்சி செய்யும் கட்டத்தில் நோயாளி சரிந்து விழக்கூடும். சக்கர நாற்காலியில் கழியும் நேரத்துக்குத் தனி மெத்தணையும் தேவை. அதற்கென்று கடைக்காரர் பரிந்துரைக்கும் வளைய வடிவத் திண்டை வாங்க வேண்டாம், அது வளையத்தின் விளிம்பில் அழுத்தத்தைக் கூட்டவே செய்யும்.

தாமாகப் புரளக்கூடியவருக்குப் பெரும்பாலும் நல்ல நுரை மெத்தையே போதும். புரள இயலாதவருக்கு இதை வாங்கலாம். ஆனால் தினமும் குளிப்பாட்டும்போது முதுகையும் குதிகாலையும் பாருங்கள். விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்போ, கருத்த தோலில் சூடோ இறுக்கமோ தென்பட்டால், அந்தப் பக்கம் படுக்க வைப்பதை நிறுத்திவிட்டு உடனே செவிலியரிடம் காட்டுங்கள்.