உதவித்தொகை வந்திருக்கிறது என்று ஃபோன் வந்தால்: பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவர்கள் கவனத்துக்கு

பிள்ளையை இந்த வருஷம் கல்லூரியில் சேர்த்திருப்பவர்கள், அதிலும் என்னைப் போலத் தனியாக நின்று படிக்கவைக்கும் அம்மாக்கள், இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். போன மாதம் என் கணக்கிலிருந்து 18,600 ரூபாய் போய்விட்டது. முன்பின் தெரியாத ஒருவன் என் குடும்பக் கதையை எனக்கே ஃபோனில் சொல்லித்தான் அதை வாங்கினான்.

நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, இப்போது பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். சேர்ந்த வாரமே பக்கத்து வீட்டு அக்கா, "புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா வரும், அப்படியே ஸ்காலர்ஷிப்பும் போட்டுடு" என்றார். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் எல்லாரும் போவது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு பிரௌசிங் சென்டருக்குத்தான். நானும் போனேன்.

இரண்டு விண்ணப்பத்துக்கும் சேர்த்து 500 ரூபாய் என்றார் கடைக்காரர். "எல்லா பேப்பரையும் என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிடுங்கக்கா, எது வேணுமோ நான் எடுத்துக்கிறேன்." ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், என் ஆதார், மகள் ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று என்று ஒவ்வொன்றாகப் படமெடுத்து அனுப்பினேன். "அப்பா ஆதார்?" என்று கேட்டார். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன். "அப்ப கணவரால் கைவிடப்பட்டவர்னு தாலுகா ஆபீஸ்ல கொடுப்பாங்களே, அது இருந்தா போடுங்க, சீக்கிரம் சாங்ஷன் ஆகும்."

அந்தச் சான்றிதழ் என்னிடம் இருந்தது. தையல் மெஷினுக்காக எப்போதோ வாங்கியது. பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். என் அண்ணிகளுக்குக்கூட அப்படி ஒன்று இருப்பது தெரியாது. வெளியூரில் வேலை என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். மகள் படிப்புக்கு ஆகும் என்றதும் அதையும் அனுப்பிவிட்டேன்.

அவருடைய கம்ப்யூட்டர் திரையில் முருகன் படம் இருந்தது. முருகன் முகமே தெரியாத அளவுக்கு அதன்மேல் ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே யாரோ ஒரு பிள்ளையின் பெயர், பக்கத்தில் ஆதார், மார்க் ஷீட் என்று எழுதியிருந்தது. என் மகள் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாகி அந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து, கடையில் வேலையாக இருந்தபோது ஃபோன் வந்தது. கல்வித் துறையிலிருந்து பேசுவதாகச் சொன்னான். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. மகளின் பெயர், கல்லூரி, எந்தப் பிரிவு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் எல்லாம் சரியாகச் சொன்னான். நான் தயங்கியது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். "வீட்டுக்காரர் உங்களோட இல்லைங்கிறதும் ரெக்கார்டுல இருக்கும்மா. அதனாலதான் சிறப்பு ஒதுக்கீட்டுல உங்க பொண்ணுக்கு 38,000 வந்திருக்கு" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நம்பிவிட்டேன். அது அரசாங்கத்துக்கு மட்டும்தானே தெரியும் என்று நினைத்தேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு வந்தது. அதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் கணக்கில் ஏறும் என்றான். போட்டேன். 12,400 போனது. "தப்பா ரிவர்ஸ் ஆயிடுச்சும்மா, இன்னொரு தடவை போடுங்க, மொத்தமா வந்துடும்" என்றான். பதற்றத்தில் மறுபடி போட்டேன். 6,200 போனது. மூன்றாவது கோடு வந்தபோது பக்கத்துக் கவுண்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபோனைப் பிடுங்கி அணைத்தாள். பணம் நமக்கு வருவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை, பின் போட்டாலே பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றே சைபர் பண மோசடிப் புகாருக்கான 1930க்கு அழைத்தோம். இந்த எண்ணை எல்லாரும் ஃபோனில் பதிந்து வையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போகாமல் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. புகார் எண் கொடுத்தார்கள், வங்கிக்கும் போய் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது தொகையை மட்டும் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள், இன்னும் கைக்கு வரவில்லை.

ராத்திரி மகளிடம் சொன்னேன். பணத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "அப்பா விஷயத்தை ஏம்மா அந்தக் கடையில கொடுத்த?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் இரண்டு பேரும் கல்லூரிக்குப் போனோம். புதுமைப் பெண் வேலைக்கென்று அங்கே ஒரு பேராசிரியையைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. அந்த விண்ணப்பத்தைக் கல்லூரியே இலவசமாகப் பதிவு செய்கிறதாம். பள்ளியில் கொடுத்த எமிஸ் எண், மகளின் ஆதார், அவள் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, இவைதான் முக்கியம். அதற்கு வருமான வரம்பே கிடையாது. ஸ்காலர்ஷிப்புக்குச் சாதிச் சான்றும், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்று காட்டும் சான்றும் வேண்டும், அதுவும் கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசின் யூமிஸ் தளத்தில் கல்லூரி சரிபார்த்துத்தான் போகும். "கைவிடப்பட்டவர் சான்றை யாரும்மா கேட்டா?" என்றார். யாருமே கேட்கவில்லை. போதாக்குறைக்கு, விண்ணப்பத்தில் என் செல் நம்பருக்குப் பதிலாகக் கடைக்காரரின் நம்பர் இருந்தது. எங்களுக்கு வர வேண்டிய ஓடிபி எல்லாம் அவருக்குப் போயிருக்கிறது. அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து அதை மாற்றிக் கொடுத்தார், நன்றாக இருக்க வேண்டும்.

கடைக்காரர்தான் விற்றார் என்று நான் சொல்லவில்லை. அவர் கம்ப்யூட்டரிலிருந்து வேறு யாரும் எடுத்திருக்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் இந்த விஷயத்துக்காக நான் கொடுத்த ஒரே இடம் அது. போலீசிலும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். எந்த உதவித்தொகை என்றாலும் முதலில் கல்லூரி அலுவலகத்தில்தான் கேட்கிறேன். வருமானச் சான்று மாதிரி வேண்டியதற்குத் தாலுகா ஆபீஸ் இ-சேவை மையம் போகிறேன், ஒரு சான்றுக்கு 60 ரூபாய். பதியும்போது நம் நம்பரைக் கொடுத்து, ஓடிபி நம் ஃபோனுக்கு வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆதாரைச் சும்மா அடையாளத்துக்குக் கேட்கும் இடத்தில், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் ஆதார் நகலைக் கொடுக்கிறேன். அதை ஆதார் தளத்திலேயே எடுக்கலாம். கைரேகையை யாரும் பயன்படுத்தாமல் அங்கேயே பூட்டியும் வைத்திருக்கிறேன். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் என் பேரில் நான் வாங்காத சிம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் இரண்டு நாள் கழித்துத் தூக்கம் வந்தது.

போன சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போய், எங்கள் ஃபோல்டரை என் கண்முன்னே அழிக்கச் சொன்னேன். முகம் சுளித்தாலும் அழித்தார். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொன்னேன், வாட்ஸ்அப்பில் இருந்ததையும் அழிக்க வைத்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெண் மஞ்சள் பையில் சான்றிதழ்களோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் சீருடை மாறாத மகள். வெளியே கூட்டிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். "காலேஜ்லயே போட்டுத் தருவாங்களாக்கா? யாரும் சொல்லலையே" என்றாள். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்லூரி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள்.