திறந்த இணையமா, இலவச இணையமா?

2015-ல் ஏர்டெல் ஜீரோ திட்டம் அறிவிக்கப்பட்டபோது கணக்கு எளிமையாகத்தான் தெரிந்தது: செயலியை நடத்தும் நிறுவனம் டேட்டா செலவைக் கட்டிவிடும், பயன்படுத்துபவருக்கு இலவசம். அதே ஆண்டு ஃபேஸ்புக்கும் ரிலையன்ஸும் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் குறிப்பிட்ட தளங்களை மட்டும் இலவசமாகத் திறந்துவிட்டன. ரீசார்ஜ் செய்யவே யோசிப்பவருக்கு இது உதவிதான், மறுக்க முடியாது.

ஆனால் விற்பவர் பக்கம் நின்று பாருங்கள். இளம்பிள்ளையில் ஒரு நெசவாளர் சொந்தத் தளத்தில் சேலை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சேலைக்கு ஆறு படம், முந்தானையைக் காட்ட ஒரு வீடியோ. பெரிய கடையின் செயலியில் இதெல்லாம் இலவசம். இவர் பக்கத்தைத் திறந்தால் மட்டும் டேட்டா கரையும். அப்புறம் யார் இவரிடம் வருவார்கள்? அந்தச் செலவைத் தானே கட்ட இவருக்கு வசதி ஏது?

இணையச் சமநிலையில், அதாவது எல்லாத் தளங்களையும் நெட்வொர்க் நிறுவனம் ஒன்றுபோல நடத்தும் முறையில், இரண்டு கடைக்கும் ஒரே கட்டணம், ஒரே வேகம். விளம்பரத்தில் பெரியவர் முந்தலாம், அது வேறு. என் ஓட்டு இந்தச் சமநிலைக்குத்தான். எதிர்ப்பு கிளம்பியதும், ஏர்டெல் ஜீரோவில் சேர இருந்த ஃபிளிப்கார்ட்டே விலகிக்கொண்டது. 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பாகுபாடான டேட்டா கட்டணத்தைத் தடை செய்தது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம்.